புகை போன வழி

அந்த வண்டி ஆறாவது முறையாகப் பரிசோதனைக்கு வந்தபோது, அதை என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று திருமூர்த்தி யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசிக்க வேண்டிய நிலைமைதான். வண்டியில் குறை என்று சொல்ல அநேகமாக எதுவும் மிச்சமில்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம், அதன்மேல் பைபர் உடம்பு, இரண்டே இருக்கைகள். எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்காத வண்டி. பள்ளிபாளையத்தில் தறி மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் கோகிலவாணி என்ற பெண், தன் பட்டறையின் பின்புறம் ஒற்றை ஆளாகக் கட்டியது. முன்பக்க மூடி மட்டும் உடம்புக்குச் சற்றும் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. நான்கு கொக்கிகளைக் கழற்றினால் முழுதாகத் தூக்கி வைத்துவிடலாம். எஞ்சினை ஏற்றி இறக்கச் சுளுவாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாக முதல் தடவையே சொல்லியிருந்தாள்.

பரிசோதனை நிலையம் சங்ககிரிக்கு வெளியே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது. ஒரு காலத்தில் நாற்பது லாரிகள் வரிசையில் நிற்கும். இரண்டு டீக்கடைகள், ஒரு ஸ்டிக்கர் கடை, ஒரு செராக்ஸ் கடை எல்லாம் அந்த வரிசையை நம்பிப் பிழைத்தன. பெட்ரோல், டீசல் வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையை விட்டுப் போனபிறகு மிஞ்சியது ஒரு கொட்டகை, ஒரு புகை ஆய்வு இயந்திரம், இயந்திரத்தைச் சரிபார்க்க வைத்திருந்த பழைய ஜீப், அப்புறம் திருமூர்த்தி. ஊர்க்காரர்கள் அவரை இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். மனைவி ஐந்து வருடமாக ஓசூரில் மகள் வீட்டில் இருந்தாள். வாரம் இரண்டு தடவை போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். மற்ற நாட்களில் திருமூர்த்தி யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். வெள்ளிக்கிழமை பேசியவர் செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தால் குரல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

கோகிலவாணி வந்தால் இரண்டு மணி நேரம் பேசுவாள். அதுதான் கோளாறு.

முதல் முறை ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, நியாயமான தோல்வி. இரண்டாம் முறை முகப்பு விளக்கின் உயரம் சரியில்லை, அதுவும் நியாயம்தான். மூன்றாம் முறை வண்டியில் எந்தக் குறையும் இல்லை. பாஸ் போட்டால் நம்பர் வாங்கிக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் இந்தப் பக்கம் வர அவளுக்கு வேலை இருக்காது என்ற நினைப்பு வந்தது. அவள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புகை உறிஞ்சும் குழாயை அவள் வண்டியின் சைலன்சரில் மாட்டாமல், பக்கத்தில் நின்ற ஜீப்பின் சைலன்சரில் மாட்டினார். ஜீப் கரியாகக் கக்கியது. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது.

அடுத்த முறை அவள் எஞ்சினையே மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். தன் பொய்யை நம்பி ஒரு பெண்பிள்ளை தனியாக எஞ்சினைக் கழற்றி இறக்கி வேறொன்றை ஏற்றியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு புகையில் கை வைக்கவில்லை. சில்லறைக் காரணங்களோடு நிறுத்திக்கொண்டார். நான்காவதில் ஹாரன் சத்தம் அதிகம். ஐந்தாவதில் சீட் பெல்ட் போல்ட்டின் தடிமன் போதாது. அவள் முகம் சுளிக்காமல் போய் வந்தாள். எண்ணிப் பார்த்தால் முதலிலிருந்தே ஒவ்வொரு முறையும் எஞ்சின் வேறாக இருந்தது. ஹாரனுக்காக எஞ்சினை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்க நினைப்பார். கேட்டால் வருவது நின்றுவிடுமோ என்று விட்டுவிடுவார்.

இனி விட முடியாது. வெள்ளிக்கிழமையோடு பெட்ரோல் வண்டிகளுக்குப் புதுப் பதிவு கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. அன்றோடு நிலையத்துக்கும் பூட்டு. இன்று செவ்வாய். இன்று அவளைத் திருப்பி அனுப்பினால் அந்த வண்டி ஒருநாளும் ரோட்டுக்கு வராமலே போகலாம்.

"என்ன சார், வண்டியைப் பார்க்காம என்னையே பார்க்கறீங்க?" என்றாள் கோகிலவாணி. கையிலிருந்த கிரீஸைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முன்நரையை மறைக்க முயலாதவள்.

"பார்க்கறனுங்க. நீங்க போய் ஃபேனுக்குக் கீழ உட்காருங்க."

"இன்னைக்கு எதுல புடிக்கப் போறீங்களோ."

திருமூர்த்தி முழுப் பரிசோதனையையும் ஒழுங்காகச் செய்தார். பிரேக், விளக்கு, ஸ்டியரிங், கடைசியாகப் புகை. இயந்திரம் ஒரு நிமிடம் முனகிவிட்டுப் பச்சை காட்டியது. கூடவே நீளமாக ஒரு சீட்டை அச்சடித்துத் துப்பியது.

முதன்முதலாக அந்தச் சீட்டு வந்தபோது அது என்ன என்று அவள் கேட்டிருந்தாள். திருமூர்த்திக்கு அதை விளக்குவதில் தனி சந்தோஷம். "ஒவ்வொரு எஞ்சின் புகைக்கும் ஒரு கைரேகை இருக்குதுங்க. பிஸ்டன் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, கரி படிஞ்ச விதம், எல்லாஞ் சேர்ந்து ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ரோட்டோரம் கம்பம் கம்பமா நிக்குதுல்லீங்க, அது இருபது வருஷமா அந்தப் புகையை மோந்து மோந்து எழுதி வெச்சிருக்குது. எந்தப் புகை, எந்தக் கம்பம், எத்தனை மணி. பழைய எஞ்சினை வாங்கி வண்டி கட்டறவங்க ஏமாந்துறக் கூடாதுன்னு, அது முன்னாடி எங்கெங்க சுத்துச்சுன்னு ஒரு சீட்டுக் குடுக்கோணும். அது சட்டம்." அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருந்தாள்.

இன்றும் சீட்டைக் கொடுத்தார். அவள் முடிவு என்ன என்று கேட்கவில்லை. சீட்டை மடியில் விரித்து விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது, நகர்ந்தது. பிறகு நான்காக மடித்தாள்.

"சொல்லுங்க சார். எதுல பெயிலு?"

"பெயில் இல்லீங்க. பாஸ்."

அவள் எழுந்துவிட்டாள். "இருங்க சார். போட்டுறாதீங்க."

"ஏனுங்க?"

"பாஸ் போட்டா எஞ்சின் நம்பர் வண்டிச் சேஸோட சேர்ந்துரும். அப்பறம் மாத்த விடமாட்டாங்க."

"எதுக்கு மாத்தோணும்? நல்லாத்தானே ஓடுது."

"ஓடுது சார். ஆனா இது அந்த எஞ்சின் இல்லை."

திருமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவள்போலத் துணியால் விரல் நகங்களைத் துடைத்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா சார். இளமதின்னு பேரு. நாங்க ரெண்டு பேருதான். பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி, வெப்படைப் பிரிவுல, மில்லு பஸ்ஸுக்கு நிக்கப் போனவளை ஒரு வண்டி அடிச்சுப் போட்டுருச்சு. காலையில அஞ்சு நாப்பத்தொண்ணு. மார்கழி மாசம், ஒரே பனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன பொம்பளைங்க ரெண்டு பேரு பார்த்திருக்காங்க. வெள்ளைச் சரக்கு வண்டி, அந்த மாருதம் வண்டி இருந்துச்சில்லீங்க, அதுன்னாங்க. அதுக்கு மேல பனியில தெரியலை. அதுக்குள்ள அவங்க பஸ்ஸு வந்து ஏறிப் போயிட்டாங்க."

"கம்பத்துல இருந்திருக்குமே."

"இருந்துது. அந்த நிமிசத்துல மூணு புகை. ரெண்டு வண்டியப் புடிச்சு விசாரிச்சாங்க, அவங்க இல்லை. மூணாவது புகை யாருதுன்னு தெரியலைன்னாங்க, அது எங்க போச்சுன்னு மத்தக் கம்பத்துல தேடவும் இல்லை. அப்போ எல்லா வண்டிப் புகையும் பேரோட பதிஞ்சிருக்கலை. அப்பறம் சட்டம் வந்துருச்சு, அவங்கவங்க வண்டிப் புகையத் தவிர அடுத்தவங்க புகையத் தேடப்படாதுன்னு. கேசை மூடிட்டாங்க."

"அதனால..."

"அடுத்தவங்க புகையத்தானே தேடப்படாது. எஞ்சினே என்னுதா இருந்தா?" அவள் லேசாகச் சிரித்தாள். "அந்த வருஷத்து மாருதம் எஞ்சின் இந்தச் சுத்துவட்டாரத்துல பழைய இரும்புக் கடைங்கள்ல உடையாமக் கிடந்தது ஏழு. ஒவ்வொண்ணா வாங்கினேன். வெறும் எஞ்சினைத் தூக்கியாந்தா நீங்க சீட்டுக் குடுக்க மாட்டீங்க. முழு வண்டியா இருக்கோணும், பிரேக்கு, லைட்டு, ஹாரனு எல்லாம் இருக்கோணும். சரின்னு வண்டி கட்டினேன். சீட்டைப் பத்தித் தெரியாத மாதிரி உங்ககிட்டக் கேட்டதெல்லாம் சும்மா."

கொட்டகைத் தகரத்தில் வெயில் ஏறி, அது அங்கங்கே சடசடத்தது. "கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் திருமூர்த்தி.

"போய்க் கேட்பேன். ரோட்டுல போட்டுட்டு ஓட எப்படி மனசு வந்துதுன்னு. அவளுக்கு ஒடனே உசுரு போகலை சார். பேரு கூடச் சொல்லாம யாரோ ஒரு மகராசன் அள்ளிட்டுப் போய் ஈரோட்டுல பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கறாரு. நாலு மணி நேரம் இருந்திருக்கா. ஒம்பது அம்பதுக்குப் போயிட்டா. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தது பத்தரை. இடிச்சவன் நின்னு சொல்லியிருந்தான்னா மூஞ்சியாவது பார்த்திருப்பேன்ல?"

பிறகு அவள் குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு எஞ்சின் இருக்குது. ராத்திரி பகலா மாத்தி வெள்ளிக்கிழமை கொண்டாந்துருவேன். அதனால இன்னைக்கு ஏதாச்சும் ஒண்ணுல பெயில் போடுங்க சார். உங்களுக்குத்தான் கண்டுபிடிக்க நல்லா வருமே."

அவருக்கு முகம் சுட்டது. "தெரியுங்களா?"

"ஹாரன் சத்தம் ஜாஸ்தின்னீங்களே, அப்பவே தெரியும். அது சைக்கிள் மணி மாதிரி கத்துது. சரி, பேச்சுக்கு ஆளில்லாத மனுசன், அவரு பொழப்பும் நடக்கட்டும், என்ற பொழப்பும் நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

திருமூர்த்தி சிரிக்க முயன்றார். வாய்வரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றது. ஆறு சீட்டுகள் கொடுத்திருக்கிறார். ஐந்து சீட்டுகள் அவளுடைய எஞ்சின்களுக்கு உரியவை. மூன்றாவது சீட்டில் இருந்தது ஜீப் சுற்றிய ஊர்கள்.

"அந்த மூணாவது எஞ்சின்," என்றார். "அது எங்க இருக்குதுங்க இப்போ?"

"கடைக்காரருக்கே திருப்பிக் குடுத்துட்டேன். அப்பவே உலைக்குப் போயிருக்கும். ஏன் சார்?"

"ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்."

தோல்விச் சீட்டில் பக்கவாட்டுக் கண்ணாடியின் அகலம் என்று எழுதினார். அவள் வாங்கிப் படித்துவிட்டு, "அதானே" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிப் போனாள்.

புதன்கிழமை முழுதும் அவர் ஒன்றும் செய்யவில்லை. ஜீப்பைக் கழுவினார். ஏழில் ஒன்று; அதுதான் என்று என்ன நிச்சயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏழாவது எஞ்சினே அதுவாக இருந்துவிட்டால் பேச்சே இல்லை. இல்லாமல் போனால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். எப்படிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எஞ்சினும் உருகிவிட்டது. ஆனால் வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது ஒன்று உறைத்தது. எஞ்சின்தான் உருகிப்போயிற்று. அன்றைக்கு அவள் அந்த எஞ்சினோடுதான் பள்ளிபாளையத்திலிருந்து இங்கே ஓட்டி வந்தாள். நிலையத்து வளைவில் ஒரு கம்பம் நிற்கிறது. அது மோந்திருக்கும்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பதிவகத்தைப் பார்த்துக்கொள்ளும் அபிநயா என்ற பெண் எடுத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதிருக்கும். நேரில் பார்த்ததில்லை.

"வளைவுக் கம்பத்துல யார் பேர்லயும் பதியாத புகை ஒண்ணு இருக்கும்மா. தை மாசம் பதினொண்ணாந் தேதி, காலையில பத்து மணி சுமாருக்கு. அதைப் பழைய பதிவோட ஒப்பிட்டுப் பார்க்கணும்."

"உங்க எல்லைக்குள்ள இருக்கிற கம்பம்தானே சார், பண்ணலாம். ஆனா காரணம் எழுதணும். அது அப்படியே மேல போயிடும்."

"என்ன எழுதினா விடும்?"

"பரிசோதனைக்கு எடுத்த சாம்பிள் தப்பாயிடுச்சுன்னு எழுதினாத்தான் விடும். அப்படி எழுதினா எப்படித் தப்பாச்சுன்னு கேட்கும். இயந்திரக் கோளாறுன்னு போட்டீங்கன்னா அன்னைக்கு இயந்திரம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு அதுவே சொல்லிடும். என்ன சார் ஆச்சு?"

"வேற வண்டியில குழாயை மாட்டிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்."

"சார், உங்களுக்கு ரிடையர்மென்ட்டுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. நாளையோட அந்த ஸ்டேஷனே மூடறாங்க. இதை யார் வந்து கேட்கப் போறாங்க? பென்ஷனை நிறுத்தி வெச்சு விசாரணைன்னு வருஷக்கணக்கா இழுப்பாங்க சார். நான் எதையும் காதுல வாங்கலை, நீங்க போனை வெச்சிடுங்க."

"நல்லதும்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தார். எதிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது? ஒரு பெண் வந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னேன் என்றா? போனை வைத்தார். பிறகு இயந்திரத்தின் முன் போய் நின்று, காரணம் என்ற கட்டத்தில் நடந்ததை நடந்தபடி தட்டினார். நான்கு வரிகள். கையொப்பத்துக்கு விரலை வைத்தார்.

சீட்டு நீளமாக வந்தது. வெப்படைக் கம்பம், காலை 5.41 என்ற வரியை அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. இயந்திரம் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது, அந்தப் பதிவின் மேல் ஒரு மூடிய வழக்கு இருந்ததால்.

அவர் அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்தார். அதற்கும் கீழே இருந்ததைப் படித்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோகிலவாணி வந்தாள். இரண்டு இரவு தூங்காத கண். ஏழாவது எஞ்சின் கரடுமுரடாக ஓடிற்று. வளைவிலேயே சத்தம் கேட்டது.

"கடைசி மணி அடிக்கறதுக்குள்ள வந்துட்டேன் சார். போட்டுப் பாருங்க."

"மொதல்ல உட்காருங்க. நான் ஒண்ணு சொல்லோணும்."

நின்றுகொண்டே சொன்னார். டீ, குழாய், ஜீப், சிவப்பு விளக்கு. சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து பழகி வைத்திருந்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ற எஞ்சினுக்குப் பதிலா ஜீப்புல மாட்டினீங்க."

"ஆமாங்க."

"பேச்சுத் துணைக்கு."

"ஆமாங்க."

"ஹாரனை நான் மன்னிச்சேன் சார். போல்ட்டை மன்னிச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்பறம் நாலு எஞ்சின். செயின் பிளாக்கு போட்டு ஒத்தையா ஏத்தி எறக்கினேன். அந்த எஞ்சின் என்ற பட்டறையில, என்ற கையில இருந்துது. நாந்தான் கொண்டுபோய்க் கடையில தள்ளிட்டு வந்தேன்."

அவர் சீட்டை நீட்டினார். "இதுதான் அதோட சீட்டு. நேத்து எடுத்தேன். நீங்க தேடற வரி இதுல இருக்குதுங்க."

அவள் பிடுங்கவில்லை. வாங்கி, மேசைமேல் விரித்து, விரலை வைத்தாள். தடித்த எழுத்தில் விரல் நின்றது. அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருடம் தேடிய வரியை ஒருவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று திருமூர்த்திக்குத் தெரியாது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அதுக்குக் கீழயும் படிங்க," என்றார்.

"இதென்ன சார், அதே கம்பம் மறுக்கா வருது? அஞ்சு அம்பத்திரண்டு?"

"அந்த எடத்துலயே எஞ்சினை அணைக்காம பதினோரு நிமிசம் நின்னிருக்குது."

விரல் கீழே இறங்கியது. ஆறு இருபது, பெரியாஸ்பத்திரி வாசல் கம்பம். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"அதே வண்டிதாங்க. அதே புகை."

"சேர்த்தவரு வேற ஆளு சார். அவரு..." நிறுத்தினாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். அடுத்த வரி அதே ஆஸ்பத்திரிக் கம்பம்தான். பத்து மணி நான்கு நிமிடம். இடையில் எதுவும் இல்லை.

"ஆறு இருபதுக்கு வண்டியை அணைச்சிருக்காரு," என்றார் திருமூர்த்தி. "பத்து நாலுக்குத்தான் மறுபடி கிளப்பியிருக்காரு. நடுவுல போகலைங்க. அங்கயேதான் இருந்திருக்காரு."

"அவ போனது ஒம்பது அம்பது."

"ஆமாங்க."

அவள் கை சீட்டின்மேல் அப்படியே கிடந்தது. வெளியே ஏழாவது எஞ்சினை அவள் அணைக்க மறந்திருந்தாள். அது இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி போய் அணைத்துவிட்டு வந்தார். இன்னொரு வரி இருந்தது. அவரே விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், பள்ளிபாளையத்தில் அவளுடைய தெருமுனைக் கம்பம். காலை எட்டுப் பத்து. ஆறு நிமிடம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

"பால் ஊத்தற அன்னைக்கு," என்றாள் கோகிலவாணி. "வாசல்ல அவ்வளவு கூட்டம். யாரு வந்தா யாரு போனான்னு எனக்கென்ன தெரியும்?" பிறகு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள். "எறங்கியிருந்தா அடிச்சிருப்போம். ஆமா, அடிச்சிருப்போம்."

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை கோயில்ல சார், அந்த மகராசன் பேருக்கு வெளக்குப் போட்டிருக்கறேன்," என்றாள். "இடிச்சவனுக்குச் சாபம் விட்டுட்டு, அதே கையால."

திருமூர்த்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"பேரு இருக்குதுங்களா இதுல?"

"பேரு இல்லைங்க. புகை போன வழி மட்டுந்தான். ஆனா ராத்திரியானா எந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுச்சுன்னு இருக்குது. கொங்கணாபுரத்துக்கு வடக்க, ஒரே எடம், ஏழு வருஷம். அந்தக் கம்பத்தைச் சுத்தி மூணோ நாலோ வீடுதான் இருக்கும்."

"ஆளு உசுரோட இருக்காருங்களா?"

"அது தெரியலைங்க."

அவள் சீட்டை மடித்தாள். அவள் எழுந்து போய்விடுவாள், தன்னிடம் இனி ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று திருமூர்த்தி நினைத்தார். அதற்கு அவர் தயாராகத்தான் இருந்தார். அவள் வண்டியருகே போய் நின்று முன்பக்க மூடியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"இதைப் பார்த்துச் சொல்லுங்க சார். நெசமாவே பாருங்க. கொங்கணாபுரம் வரைக்கும் போய்ட்டு வருமா?"

அவர் பரிசோதித்தார். பிரேக் பிடித்தது. விளக்கு சரி. ஏழாவது எஞ்சின் கரடுமுரடாக ஓடினாலும் புகை வரம்புக்குள் இருந்தது. அதன் சீட்டும் அச்சாகி வந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மதியம் ஒன்று இருபதுக்கு அந்த நிலையத்தின் கடைசிப் பதிவு எண்ணை அந்த வண்டிக்குப் போட்டார். உற்பத்தியாளர் என்ற இடத்தில் கோகிலவாணி என்று எழுதினார்.

"போய் என்னங்க கேட்பீங்க?"

"தெரியலை சார். கேக்கோணும்னு வெச்சிருந்ததெல்லாம் இப்ப ஆகாது." இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். "அவ ஏதாச்சும் பேசினாளான்னு கேட்கலாம். நாலு மணி நேரம் கூட இருந்திருக்காரு. எனக்குக் கிடைக்காத நாலு மணி நேரம்."

கிளம்பும்முன் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மன்னித்த பார்வை என்று சொல்ல முடியாது. "நீங்க எழுதிக் குடுத்ததுக்கு உங்களை என்ன பண்ணுவாங்க?"

"கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"சரி. அங்க பேச்சுக்கு ஆள் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

எஞ்சின் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது. புதிதாகப் பதிவான வண்டியை முதல் ஒரு மணி நேரம் திரையில் தொடர்வது வழக்கம். புகை கம்பத்துக்குக் கம்பம் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க. திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வளைவுக் கம்பம், கரட்டடிக் கம்பம், ஏரிக்கரைக் கம்பம். பச்சைப் புள்ளி ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தது. இன்னும் இரண்டு கம்பம் தாண்டினால் சங்ககிரிப் பிரிவு. அங்கே மேற்கே திரும்பினால் அவள் வீடு. வடக்கே திரும்பினால் கொங்கணாபுரம்.

இருபது வருடமாக யார் யாருடைய புகையோ எங்கெங்கே போயிற்று என்று பார்த்தே சம்பளம் வாங்கியவர் அவர். ஒரு புள்ளி எரிந்தது. இன்னொரு புள்ளி பாக்கி. திருமூர்த்தி எழுந்து, சுவரிலிருந்த திரையின் சுவிட்சை அணைத்தார்.